கேட்டதும் சொன்னதும்: கண்ணாடியில் தண்ணீர் ஏறுது, உள்ளே குறையுது

வேலையிடத்துக் கவனம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். நாலைந்து வந்தால் பெரிது என்று நினைத்தேன். புலனத்தில் குரல் பதிவாக வந்ததையும் சேர்த்தால் முப்பதைத் தாண்டிவிட்டது. நம் தெலுக் இந்தான் வட்டாரம் அப்படி. சுற்றிலும் செம்பனை, நடுநடுவே மில், வீட்டுக்கு ஒருத்தராவது ஷிப்டு வேலை, இல்லாவிட்டால் லோரி, அதுவும் இல்லாவிட்டால் மருத்துவமனை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் எண்ணெய் மில்லில் 33 வருஷம் இருந்தவன், பாய்லர் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து ஷிப்டு சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் இல்லை. படிக்க நேரம் கிடைத்ததே ஓய்வுக்கு அப்புறம்தான், படிக்கப் படிக்க "அட, நமக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறதே" என்று தோன்றியது.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. மில்லில் பாய்லர் பகுதியில் உதவியாளாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. "கவனம் எங்கே போச்சு" என்று சூப்பர்வைசர் தினமும் திட்டுகிறாராம். பையன் சோம்பேறி இல்லை ஐயா, போனைக்கூட லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகிறான். கவனத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
(ஒரு தகப்பனார், ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: முதலில் அந்த சூப்பர்வைசர் மேல் எனக்கு ஒரு வருத்தம். நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வார்த்தையைக் கத்தியவன் என்பதால் சொல்கிறேன், "கவனமா இரு" என்பது ஒரு உத்தரவே இல்லை. வால்வைத் திற என்றால் திறக்கலாம், கேஜைப் பார் என்றால் பார்க்கலாம், கவனமா இரு என்றால் பையன் என்ன செய்வான்? முகத்தைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

மீக்கா எண்ட்ஸ்லி என்று ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருக்கிறார். போர் விமானிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதில் தொடங்கியவர், 2013-இல் அமெரிக்க விமானப் படையின் தலைமை அறிவியலாளர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நாம் ஒரே சொல்லில் கவனம் என்று கத்துவதை அவர் 1995-இல் வந்த ஒரு கட்டுரையில் மூன்று படியாகப் பிரித்து விளக்கினார். சிச்சுவேஷன் அவேர்னஸ் என்பது அவர்கள் வைத்த பெயர், நான் சூழல் உணர்வு என்றே எழுதுகிறேன். முதல் படி, சுற்றி நடப்பது கண்ணிலும் காதிலும் விழுவது. இரண்டாவது, விழுந்ததற்கு என்ன அர்த்தம் என்று புரிவது. மூன்றாவது, இது இப்படியே போனால் கொஞ்ச நேரத்தில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிப்பது. உங்கள் மகன் எந்தப் படியில் தடுக்குகிறான் என்று தெரியாமல் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். நான் சேர்ந்து இரண்டாவது வருஷம், இரவு ஷிப்டு. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, கேஜ் கிளாஸ். அதில் பாதி அளவில் தண்ணீர் நிற்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே இரு என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். நானும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தண்ணீர் மளமளவென்று ஏறி முக்கால் அளவுக்கு வந்தது. ஆகா, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று ஓடிப்போய் உள்ளே தண்ணீர் விடும் வால்வைக் குறைத்தேன். எனக்கு ஒரே பெருமை. பின்னாலிருந்து வந்த பழைய பாய்லர்மேன் என் கையைத் தட்டிவிட்டார், வால்வை மறுபடி திறந்தார், அப்புறம் கண்ணாடியைக் காட்டவில்லை, வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அங்கே என்ன திறந்தான்னு பார்த்தியா?"

அங்கே செம்பனைக் குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் இரண்டை ஒரே நேரத்தில் ஆவிக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். இதுதான் சூட்சுமம். ஒரேயடியாக ஆவி வெளியே இழுக்கப்பட்டால் பாய்லருக்குள் அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினால் தண்ணீருக்குள் இருக்கும் ஆவிக் குமிழிகள் பெருக்கும், பொங்குகிற பால் மாதிரி மட்டம் மேலே ஏறும். கண்ணாடியில் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் உள்ளே நிஜமான தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வால்வை மூடினால், குமிழி அடங்கியதும் மட்டம் படீரென்று கீழே போகும், குழாய்கள் தண்ணீர் இல்லாமல் காயும். எனக்கு முதல் படியில் ஒரு குறையும் இல்லை பாருங்கள், நன்றாகவே பார்த்தேன். இரண்டாவது படியில் விழுந்தேன். இன்னும் கூர்ந்து பார்த்திருந்தாலும் விழுந்திருப்பேன், இன்னும் சீக்கிரமாக!

இது செம்பனை மில்லில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்காதீர்கள். 1979 மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததற்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரே ஜாதகம். அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ வால்வு மூடியதா என்று காட்டுகிற விளக்கு இல்லை, மூடச் சொல்லி மின்சாரக் கட்டளை போயிற்றா என்று மட்டும் காட்டுகிற விளக்கு. கட்டளை போயிற்று, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அழுத்தக் கலனில் தண்ணீர் மட்டம் உயர்வதாகக் காட்டியது, தண்ணீர் கூடுகிறது என்று நினைத்து அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உள்ளே தண்ணீர் ஓடிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வால்வு திறந்தே கிடக்கிறது என்று கண்டுபிடித்து வழியை அடைக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அணு உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. எல்லாரும் பயிற்சி பெற்ற ஆட்கள், யாரும் தூங்கவில்லை.

அதனால் மகனிடம் "பாத்தியா பாத்தியா" என்று கேட்காதீர்கள். இரவு சாப்பாட்டின்போது வேறு மாதிரி கேளுங்கள்: இன்றைக்கு எந்தக் கேஜ் நகர்ந்தது, ஏன் நகர்ந்தது, அது நகர்ந்தால் அடுத்து எது நகரும்? அவனுக்கு பதில் தெரியாவிட்டால் மறுநாள் பழைய ஆளிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பழைய ஆட்கள் திட்டுவார்கள்தான், ஆனால் "ஏன்" என்று கேட்கிற பையனை அவர்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: இந்த மூன்றில் எது அதிகம் தவறுகிறது?
(பயிற்சிக் கல்லூரி மாணவர், பீடோர்)

பதில்: முதல் படிதான். விமானச் சம்பவ அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்து எண்ட்ஸ்லியும் இன்னொருவரும் 1996-இல் எழுதியதில், தவறுகளில் நூற்றுக்கு 76 முதல் படியிலேயே நடந்தவை, அதாவது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் கண்ணில் படவே இல்லை, அல்லது பட வழியே இல்லாமல் இருந்தது. சுமார் 20 இரண்டாம் படி. மூன்றாவதில் மூன்றோ நாலோதான். மூன்றாவது சுலபம் என்று அர்த்தம் இல்லை தம்பி, அதுவரைக்கும் போய்ச் சேருவதே பெரும்பாடு என்று அர்த்தம்.

பட வழியில்லாமல் போவது எப்படி? 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு. இறங்கப் போகும் நேரத்தில் மூக்குச் சக்கரத்துக்கான சின்ன விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் தானியங்கி ஓட்டத்தில் விட்டுவிட்டு விமானிகள் அந்த விளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். உயரத்தைப் பிடித்து வைத்திருந்த அமைப்பு எப்படியோ விடுபட்டு விமானம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது, உயரம் குறைகிறது என்று ஒரு மணிச் சத்தமும் கேட்டது, யாரும் திரும்பவில்லை. வெளியே சதுப்பு நிலம், கும்மிருட்டு. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்பு ஃபியூஸ், அவ்வளவே.

எங்கள் மில்லில் பிற்பாடு இதை நான் ஒரு விதியாகவே வைத்திருந்தேன். ரிப்பேருக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் குனியலாம், ஒருத்தன் மட்டும் குனியக் கூடாது. அவன் வேலை பேனலைப் பார்ப்பது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக்கூட அவனைக் கூப்பிடக் கூடாது.

கேள்வி: நான் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருக்கிறேன், எங்கே என்று போட வேண்டாம். சில நேரம் ஏதோ சரியில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. பெரிய டாக்டரிடம் சொல்ல வாய் வருவதில்லை. சொல்லாமல் இருந்து அப்புறம் வீட்டில் வந்து தூக்கம் வராமல் கிடக்கிறேன் அண்ணா.
(ஒரு தங்கை)

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் நடந்தது ஒன்று. மார்ட்டின் புரோமிலி என்கிற விமானியின் மனைவிக்கு சைனஸ் அறுவை, சின்ன வேலை. மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சு வழி அடைத்துக்கொண்டது. குழாயும் இறங்கவில்லை, முகமூடி வழியாகவும் காற்று போகவில்லை. அப்படி ஆனால் தொண்டையில் நேராக வழி ஏற்படுத்த வேண்டும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் பாடமாகவே தெரியும். அனுபவம் உள்ள நிபுணர்கள் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் குழாயை இறக்குவதிலேயே குறியாக இருந்தார்கள், இருபது நிமிஷத்துக்கு மேல். ஒரு தாதி தொண்டையில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுக்கை இருக்கிறதா என்று கேட்டுவைத்தார். டாக்டர்கள் அவரைப் பார்த்த பார்வையில், நாம்தான் மிகைப்படுத்துகிறோமோ என்று நினைத்துப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். கணவர் யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை, விமானத் துறையில் நாங்கள் கற்றதை இங்கேயும் கற்றுக்கொள்ளுங்கள் என்று 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள், அந்த அறையில் சூழல் உணர்வு இல்லாமல் இல்லை. பார்த்தது, புரிந்தது, அடுத்து என்ன வரும் என்பது, மூன்றுமே தாதிகளின் தலைக்குள் இருந்தது. கத்தி பிடிக்கிற கையின் தலைக்குள் போய்ச் சேரவில்லை. டாக்டர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலையில் முழுசாக முங்கினவனுக்கு மணி ஓடுவதே தெரியாது, பாய்லர் வீட்டில் எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது, ஐந்து நிமிஷம் என்று நினைத்தது அரை மணி நேரமாக இருக்கும்.

அதனால் வாய் வராத நேரத்துக்கு முன்கூட்டியே மூன்று வாக்கியம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், வெட்கமாகத்தான் இருக்கும். முதலில் "டோக்டர், சாயா ரிசாவ்". எனக்குக் கவலையாக இருக்கிறது என்பதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது, அது உங்கள் மனசு. கேட்கவில்லையா, அப்புறம் எண்ணைச் சொல்லுங்கள்: ஆக்சிஜன் இத்தனை, ஆரம்பித்து இத்தனை நிமிஷம் ஆகிறது. வேறு ஒன்றும் வேண்டாம், நேரத்தை மட்டும் சத்தமாகச் சொன்னாலே முங்கிக் கிடப்பவர் தலையைத் தூக்குவார். அதற்கும் அசையவில்லை என்றால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு "இது தயார், இப்போது செய்யலாமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று அவர் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாக இருக்கட்டும். "ஒருவேளை... பார்க்கலாமோ..." என்று இழுத்தீர்களென்றால் காற்றோடு போய்விடும்.

கேள்வி: என் தாத்தா இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 40 வருஷம் பால் மரம் சீவினார். பாம்பு, பன்றி, வழுக்குப் பாறை, எதிலும் மாட்டவில்லை. எந்தப் படியும் அவர் படிக்கவில்லை. இருப்பதற்குப் பெயர் வைத்துப் பட்டம் வாங்குவதுதானே இந்த ஆராய்ச்சி எல்லாம்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குச் சண்டை போடுவேன்.

உங்கள் தாத்தா மாதிரி ஆட்களைத்தான் இந்த ஆராய்ச்சிக்காரர்களே தேடிப் போனார்கள். கேரி க்ளைன் என்று ஒருவர் தீயணைப்பு அதிகாரிகளிடம் உட்கார்ந்து பேசிப் பேசிப் படித்தவர். அவர் கேட்ட ஒரு சம்பவம்: வீட்டின் அடுக்களைப் பக்கம் தீ, தண்ணீர் அடிக்கிறார்கள், அடங்கவில்லை. அந்த அறை இந்தச் சின்னத் தீக்கு இருக்க வேண்டியதைவிடச் சூடாக இருக்கிறது, சத்தமும் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறது. அதிகாரிக்கு என்னவோ உறுத்தியது, எல்லாரையும் வெளியே இழுத்தார். உடனே தளம் இடிந்து விழுந்தது. தீ உண்மையில் காலுக்குக் கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த அதிகாரியே அதைத் தனக்கு இருக்கும் ஏதோ அதீத சக்தி என்றுதான் நம்பினாராம். சக்தியும் இல்லை, சாமியும் இல்லை, நூற்றுக்கணக்கான தீயைப் பார்த்த தலைக்குள் "தீ என்றால் இப்படி இருக்கும்" என்று ஒரு படம் இருக்கிறது, அந்தப் படத்தோடு இது பொருந்தவில்லை. தாத்தாவுக்கும் ஒவ்வொரு நிரையும் அப்படித் தலைக்குள் இருந்திருக்கும், இருட்டில் ஒரு சருகு இடம் மாறிக் கிடந்தாலும் கால் நின்றிருக்கும்.

சண்டை எங்கே என்றால், அந்தப் படம் சேர 40 வருஷம் ஆகிறது. மூன்று மாத ஒப்பந்தத்தில் வருகிற பையனுக்கு அவ்வளவு நேரம் யார் கொடுக்கிறார்கள்? பெயர் வைத்தால்தான் பெரியவர் தலைக்குள் இருப்பதைச் சின்னவனுக்கு எடுத்துச் சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்கள் பக்கம் போகிற பேச்சு. சிட்னி டெக்கர் என்கிற பாதுகாப்பு ஆய்வாளர், விபத்து அறிக்கையில் "சூழல் உணர்வை இழந்தார்" என்று எழுதுவதே தப்பு என்று வாதாடுகிறவர். நடந்து முடிந்த பிறகு நமக்கு எல்லாம் தெரியும், அப்போது அந்த இடத்தில் நின்றவனுக்குத் தெரியாது, அந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயர் சூட்டி அவன் தலையில் கட்டுகிறோம் என்கிறார். நான் வேலை செய்த ஒரு மில்லில் விபத்து அறிக்கையின் கடைசி வரி அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருக்கும், "தொழிலாளியின் கவனக்குறைவு". அதை எழுதியதும் கோப்பு மூடிவிடும். விளக்கு ஏன் எரியவில்லை, கேஜை ஏன் ஆள் எட்டாத உயரத்தில் வைத்தார்கள் என்று கேள்வியே வராது.

கேள்வி: ஷிப்டு மாறும்போது ரிப்போர்ட் புத்தகத்தில் "எல்லாம் ஓகே" என்று எழுதிவிட்டுப் போவது எங்கள் இடத்தில் வழக்கம். இது போதுமா?
(மில் தொழிலாளி, பாகான் டத்தோ)

பதில்: போதாது. 1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்கிற எண்ணெய் மேடை. பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த வாயைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு மற்றொரு பம்பு நின்றுபோனது, இதை ஓட்டினார்கள், வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் செத்தார்கள். வால்வு இருந்த இடம் கீழே நின்று பார்த்தால் கண்ணில் படுகிற இடமும் இல்லை. கண்ணால் பார்க்க முடியாததைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் கைமாற்றுப் பேச்சு.

புத்தகத்தில் எழுதுங்கள், கூடவே ஐந்து நிமிஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்று வாயால் சொல்லுங்கள். எதைக் கழற்றினோம், எது பாதியில் நிற்கிறது, அடுத்த எட்டு மணி நேரத்தில் எது தொல்லை கொடுக்கலாம். அந்த மூன்றாவதை யாரும் சொல்வதே இல்லை. ஆனால் உங்கள் ஷிப்டில் "இந்த பேரிங் இன்னும் இரண்டு மணி நேரத்தில் சூடாகும்" என்று உங்களுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: பேனலில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பாதி பொய் மணி. அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா?
(பெயர் போடவில்லை)

பதில்: பஸ்ஸர் வாயில் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்த ஓர் இடத்தை நானே பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. 1994 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது, வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிஷத்தில் அங்கே இருந்த ஆட்களுக்கு 275 எச்சரிக்கை மணிகள் வந்தன. நிமிஷத்துக்கு 25. மனுஷன் என்ன செய்வான்? அணைக்காதீர்கள். எந்த மணி எத்தனை தடவை பொய்யாக அடித்தது என்று ஒரு வாரம் கோடு போட்டு எண்ணி, அந்தத் தாளை இன்ஜினியர் மேஜையில் வையுங்கள். "ரொம்ப அடிக்குது சார்" என்றால் தலையாட்டுவார், தாளைக் கொடுத்தால் படிப்பார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிறார், ஓ.டி. செய்து இரவு பதினொன்றுக்கு மோட்டாரில் வருகிறார். காசு வேண்டியிருக்கிறது, அதனால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.
(இல்லத்தரசி, லங்காப்)

பதில்: அம்மா, 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு: 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவனின் கை, கண், மூளை வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கிறவனுடையதற்குச் சமமாக இறங்கிவிடுகிறது. நம் மலேசியாவில் 2020-இல் சட்டத்தைத் திருத்தி வாகனம் ஓட்டுகிறவனுக்கு வைத்த எல்லையும் அதே அளவுதான், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். உங்கள் வீட்டுக்காரர் வீட்டுக்குத் திரும்பும்போது 18 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஒரு சொட்டும் குடிக்காதவர், ஆனால் கண் அப்படித்தான் இருக்கும். களைப்பு முதலில் தின்பது மூன்றாவது படியைத்தான் என்பது என் அனுபவம்: வளைவு தெரியும், வளைவில் லோரி வரலாம் என்று தோன்றாது. ஓ.டி. நாளில் மில்லிலேயே இருபது நிமிஷம் கண்ணை மூடிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். கூட வேலை செய்கிற யாராவது காரில் வந்தால் இன்னும் நல்லது. காசு விஷயத்தில் நான் என்ன சொல்ல முடியும், நானும் ஓ.டி. காசில்தான் வீடு கட்டினேன்.

கேள்வி: தோட்டத்தில் குலை வெட்டும் வேலை. உயர மரங்களுக்கு அலுமினியக் கம்பு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் நிரைக்குக் குறுக்கே மின்கம்பி போகிறது. மண்டோரிடம் சொன்னால், மேலே பார்த்து வெட்டு என்கிறார். மறுக்க முடியுமா?
(தோட்டத் தொழிலாளி, சுங்கை மானிக்)

பதில்: "மேலே பார்த்து வெட்டு" என்பது "கவனமா இரு"வின் தம்பி. குலை வெட்டுகிறவன் கண் குலையின் காம்பில்தான் இருக்கும், இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 20 கிலோ குலை தலையில் விழும். கம்பைத் திரும்பத் தோளில் சாய்க்கிற நேரத்தில்தான் அதன் நுனி எங்கே போகிறது என்று தெரியாமல் போகிறது. அலுமினியத்துக்கு மின்சாரம் என்றால் ராஜபாட்டை, உயரழுத்தக் கம்பி என்றால் தொட வேண்டியதே இல்லை, கிட்டே போனாலே தாவும். ஆகவே அந்த மரங்களைக் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டிலேயே குறித்து, சிவப்புச் சாயம் அடித்து, அந்த நிரைக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டியது நிர்வாகத்தின் வேலை. உங்கள் கண்ணின் வேலை இல்லை.

சட்டம்: 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் நிற்காதீர்கள். முதலில் சொல்லுங்கள், புலனத்தில் படத்தோடு அனுப்புங்கள், தேதி தானாக விழும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர் இருந்தாக வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில் அது யார் என்று கிராணியிடம் கேளுங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் அரசாங்கத்தின் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யின் அலுவலகம் இருக்கிறது.

கேள்வி: தாத்தா, நான் ஆறாம் ஆண்டு படிக்கிறேன். என் அப்பா உங்கள் பக்கத்தைப் படித்துக் காட்டுவார். இதைப் பழக ஏதாவது விளையாட்டு இருக்கா?
(தமிழ்ப்பள்ளி மாணவி, தெலுக் இந்தான்)

பதில்: இருக்கு கண்ணு. விமானிகளுக்கே இப்படித்தான் சோதனை வைக்கிறார்கள். பொய் விமானத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரையை எல்லாம் இருட்டாக்கிவிட்டு, இப்போது உன் உயரம் என்ன, பக்கத்தில் யார் வந்தார், அடுத்த நிமிஷம் யார் குறுக்கே வருவார் என்று கேட்பார்கள். இதையும் அந்த எண்ட்ஸ்லி அம்மாதான் கண்டுபிடித்தார். நீயும் அப்பாவும் காரில் போகும்போது, ஓட்டுகிறவர் கண்ணை மூடக் கூடாது, நீ மட்டும் மூடிக்கொள். அப்பா கேட்கட்டும்: பின்னால் என்ன வண்டி வந்தது, முன்னால் போன லோரியில் குலை கட்டியிருந்ததா, வலை போட்டிருந்ததா, அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது. சரியான பதிலுக்கு ஒரு புள்ளி, ஏன் என்று சொன்னால் இரண்டு புள்ளி.

என் பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்து போன வாரம் சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவள் என் பக்கம் திருப்பிவிட்டாள். "தாத்தா, கண்ணாடியைப் பார்க்காம சொல்லுங்க, நம்ம பின்னால இருக்கிற மோட்டார்ல எத்தனை பேர்?" இரண்டு பேர் என்றேன். மூன்று பேர். நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.